திருவானைக்காவலும் கப்பல்ல வெந்த ஒயினும்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு 'கோயில் ஊர்ல ஒயினா'ன்னு கொந்தளிக்க வேணாம் மக்களே. இது குடிக்கச் சொல்ற பதிவு இல்ல, குடிச்சவங்களைப் பத்தின வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீ சொல்லிட்டு உக்காருங்க :-)

திருவானைக்காவல்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்திமான்களுக்கு ஜம்புகேஸ்வரர், அகிலாண்டேஸ்வரி, தண்ணி ஊறுற கருவறை. கதை கேட்டு வளர்ந்தவங்களுக்கு யானையும் சிலந்தியும். சாப்பாட்டு ராமன்களுக்கு பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட். சொந்த ஊருங்கிறதால எனக்கு மூணுமே சேர்ந்துதான் வரும். ஆனா 1752-ல இந்தக் கோயில் மதிலுக்குள்ள உக்காந்திருந்தது பிரெஞ்சுப் பட்டாளம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கதைச் சுருக்கம் இதுதான். ஆற்காட்டு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் சண்டை. ஒருத்தர் சந்தா சாகிப், அவருக்குப் பின்னாடி பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க. இன்னொருத்தர் முகமது அலி, அவருக்குப் பின்னாடி சென்னைப்பட்டினத்து இங்கிலீஷ் கம்பெனி. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள. அவரை முற்றுகை போட்ட பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, 1752-ல லாரன்ஸும் கிளைவும் வந்ததும் பின்வாங்கி, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற நம்ம தீவுக்குள்ள போய் மாட்டிக்கிட்டார். சந்தா சாகிப் ஆளுங்க ஸ்ரீரங்கம் கோயில்ல, பிரெஞ்சுக்காரங்க திருவானைக்காவல் கோயில்ல. கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம் பக்கம் போய் உக்காந்து பாண்டிச்சேரி பாதையை அடைச்சாச்சு. சோறு வர வழியில்ல. ஜூன் மாசம் லா சரணடைஞ்சார். சந்தா சாகிப்பை தஞ்சாவூர் தளபதி மானோஜி தலையை எடுத்துட்டார்.

(இந்த லா யார்னு பார்த்தா, பிரான்ஸையே மிசிசிப்பி கம்பெனி ஷேர்ல மூழ்கடிச்ச ஜான் லாவோட சொந்தக்காரப் பையன். அதே காலத்துல பாண்டிச்சேரியில உக்காந்து இதையெல்லாம் தமிழ்ல நாட்குறிப்பா எழுதிட்டு இருந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. நம்ம எல்லாருக்கும் முன்னோடிப் பதிவர். பின்னூட்டம் மட்டும்தான் வரல.)

இந்தச் சண்டையை எல்லா புத்தகமும் சொல்லும். எனக்கு வந்த சந்தேகம் வேற. இந்த வெயில்ல, இத்தனை ஐரோப்பியர்கள், என்னத்தைக் குடிச்சாங்க?

பதில் ரெண்டு வரி. கம்பெனி சிப்பாய்க்கு சாராயம். கம்பெனி அதிகாரிக்கு மதீரா. இந்த ரெண்டு வரிதான் இந்தப் பதிவே.

மதீராங்கிறது அட்லாண்டிக் கடல்ல ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல இருக்குற போர்ச்சுக்கல் தீவு. லண்டன்ல இருந்து இந்தியா வர்ற கப்பல் காத்துப் பக்கம் பார்த்து இந்தத் தீவு வழியாத்தான் நன்னம்பிக்கை முனைக்கு இறங்கும். நம்ம ஊர் பஸ் விக்கிரவாண்டியில நிறுத்துற மாதிரி, கப்பலெல்லாம் அங்க நின்னு தண்ணி, காய்கறி, அப்புறம் பீப்பாய் பீப்பாயா ஒயின் ஏத்திக்கும். அங்க இருந்து கிளம்புனா பூமத்திய ரேகையை அட்லாண்டிக்ல ஒரு தடவை, இந்துமாக்கடல்ல ஒரு தடவை தாண்டி, மாசக்கணக்குல ஆடி அசைஞ்சு சென்னைப்பட்டினம் வந்து சேரும்.

சாதாரண ஒயினை இப்படி அடித்தளத்துல போட்டு வேக வச்சா புளிச்ச காடியாகிடும். மதீராவுக்கு நடந்தது உல்டா. விக்காம மிஞ்சி திரும்பிப் போன பீப்பாய்களைத் திறந்து பார்த்தா, கிளம்பினப்ப இருந்ததை விட பிரமாதமா இருக்கு! அப்புறம் என்ன, வேணும்னே அனுப்ப ஆரம்பிச்சாங்க. இதுக்கு போர்ச்சுகீசியத்துல 'வின்யோ த ரோடா'ன்னு பேரு, அதாவது சுத்திட்டு வந்த ஒயின். லண்டன்ல 'ஈஸ்ட் இந்தியா மதீரா'ன்னா விலையே தனி. யோசிச்சுப் பாருங்க, சரக்கை இந்தியாவுக்கு டூர் கூட்டிட்டுப் போய்ட்டு வந்ததுக்குக் காசு.

கெட்டுப்போகாம இருந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம் பிராந்தி. இங்க கொஞ்சம் டெக்னிக்கலா பேசணும், பொட்டி தட்டுற மக்களுக்கு ஈஸியா புரியும்.

திராட்சைச் சாறுல ஈஸ்ட்னு ஒரு ப்ராசஸ் ஓடுது. இன்புட் சர்க்கரை, அவுட்புட் ஆல்கஹால். சர்க்கரை தீர்ற வரைக்கும் ஓட விட்டா, இனிப்பு இல்லாத சாதாரண ஒயின். பாதி ஓடும்போதே மேல இருந்து காரமான திராட்சை பிராந்தியை ஊத்தினா ஆல்கஹால் அளவு எகிறி ஈஸ்ட் செத்துடும். அதாவது ப்ராசஸை கில் பண்றோம். மிச்ச சர்க்கரை அப்படியே நிக்கும். இனிப்பும் இருக்கும், 20 சதவீதத்தைச் சுத்தி ஆல்கஹாலும் இருக்கும், கிருமி எதுவும் அண்டாது. போர்ட் ஒயின் பண்றது இப்படித்தான். மதீராவுல இனிப்பு வகைக்கு நடுவுலயே ஊத்துவாங்க, இனிப்பு குறைஞ்ச வகைக்குக் கடைசியில. திருச்சி முற்றுகை நடந்த காலத்துலதான் மதீராவுல பிராந்தி சேக்குற பழக்கம் மெல்ல பரவிட்டு இருந்தது.

போர்ட்டும் மதீராவும் அக்கா தங்கச்சி. 1703-ல மெத்வென் ஒப்பந்தம் போட்டு போர்ச்சுக்கல் ஒயினுக்கு இங்கிலாந்து வரியைக் குறைச்சது. பிரெஞ்சு ஒயினுக்கு வரி ஜாஸ்தி, அவங்களோட சண்டை வேற. அதனால போர்ட் ஓடுச்சு. 1756-ல பொம்பால் மந்திரி டோரோ ஆத்துப் பள்ளத்தாக்குக்கு எல்லை கட்டி, 'இதுக்குள்ள விளைஞ்சாத்தான் போர்ட்'னு சட்டமே கொண்டு வந்தார். நம்ம ஊர் புவிசார் குறியீட்டுக்கெல்லாம் தாத்தா.

இதுல பழசாகுற விதம்தான் விஷயமே. போர்ட்ல ரெண்டு குடும்பம். வின்டேஜ்னா ரெண்டு மூணு வருஷத்துல பீப்பாயில இருந்து பாட்டிலுக்கு மாறி, காத்துப் படாம இருட்டுல பல வருஷம் தூங்கும். டானின்னா மரப் பீப்பாயிலயே கிடந்து, காத்து கொஞ்சம் கொஞ்சமா பட்டு, சிவப்பு மங்கி கரும்புச்சாறு காய்ச்சின நிறத்துக்கு வரும். லேபிள்ல 10, 20, 30, 40ன்னு போட்டிருப்பாங்க. அது ஒரே ஒயினோட வயசு இல்ல, பல வயசுல இருக்குறதைக் கலந்து அந்த வயசோட குணத்துக்குக் கொண்டு வர்றது. மதீரா இதுக்கும் ஒரு படி மேல. ஏற்கனவே வெந்து, காத்துப்பட்டு, எல்லா அடியும் வாங்கினதால, திறந்த பாட்டில் மாசக்கணக்குல கெடாது. இதுக்கு மேல அதுக்கு என்னத்த ஆகப்போவுது?

1790-கள்ல இருந்து மதீராக்காரங்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. எதுக்கு இந்தியா வரைக்கும் அனுப்பணும், சூட்டை இங்கயே கொடுத்துட்டா? 'எஸ்துஃபா'ன்னு சூடேத்துற அறை கட்டினாங்க. இப்பவும் சாதாரண மதீராவை 45-50 டிகிரியில மூணு மாசம் வைக்கிறாங்க. உசந்த வகையை மட்டும் வெயில் காயுற பரண்ல பீப்பாயோட வருஷக்கணக்கா விடுவாங்க. உலகத்தோட ஒரு பெரிய ஒயினோட தயாரிப்பு முறையே, நம்ம கடற்கரைக்கு வர்ற வழியில இருக்குற வெக்கையை காப்பி அடிச்சது. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு மொட்டை மாடிதான் ஞாபகம் வந்துச்சு. கத்திரி வெயில்ல அங்க போய் நின்னா நாமளே ஒரு மாதிரி மதீரா ஆகிடுவோம் :-)

சரி, இதெல்லாம் குடிச்சா எப்படித்தான் இருக்கும்? ஆன்சைட் போயிருந்தப்ப டீம்ல இருந்த ஒரு போர்ச்சுகீசியர், சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன கிளாஸ்ல 20 வருஷ டானி ஊத்திக் கொடுத்தார். ஊத்தினதே அறுபது மில்லி இருக்கும். நம்ம பசங்க 'இதென்ன, மருந்து குடுக்குற மாதிரி'ன்னு பார்த்தாங்க. மூக்குக்கிட்ட கொண்டு போனதும் எனக்கு வந்தது திராட்சை வாசனையே இல்ல. வறுத்த வெந்தயம், நாட்டுச்சக்கரைப் பாகு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல். சொன்னேன், அவர் சிரிச்சார். அவருக்கு வெந்தயம்னா என்னன்னே தெரியல.

வீட்டுக்கு வந்து தேடினா அது பிரமை இல்லையாம். 'சோடோலான்'னு ஒரு வேதிப்பொருள். வெந்தயத்தோட அடையாள வாசனையே அதுதான். கச்சா கரும்புச் சர்க்கரையிலயும் இருக்கு. பழைய டானி போர்ட்லயும், மதீராவுலயும் வயசு ஏற ஏற இது கூடிட்டே போகும். ஐரோப்பியக்காரங்க இதை வால்நட், மேப்பிள் சிரப்னு வர்ணிக்கிறாங்க. தமிழ் மூக்குக்கு வெந்தயமும் சக்கரையும். ஒயின் ரசிக்க பிரெஞ்சு தெரியணும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அஞ்சறைப் பெட்டி தெரிஞ்சா போதும்.

அவர் குடிச்ச விதத்தையும் சொல்லணும். லேசா ஜில்லுனு, சோடா கிடையாது, மிக்ஸிங் கிடையாது, அவசரம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு அந்த ஒரே கிளாஸ். நாலு முந்திரி, ஒரு துண்டு சீஸ். பேச்சு. அவ்வளவுதான்.

இப்ப பழைய கேள்விக்கு வருவோம். நம்மகிட்ட இப்படி எதுவும் இருந்ததே இல்லையா?

இருந்துச்சு. காவேரியைத் தாண்டினா உறையூர், சோழர் தலைநகர். அந்தக் காலத்துப் பாட்டுகள்ல கள், நறவு, தோப்பி, மட்டு, தேறல்னு குடிக்கே ஒரு அகராதி இருக்கு. தோப்பின்னா வீட்டுல அரிசியில செய்யறது. தேறல்னா தெளிஞ்சது. இதுல முதிர வைக்கிறதுக்கும் சாட்சி இருக்கு. பாரியோட பறம்பு நாட்டைப் பாடுற புறநானூற்றுப் பாட்டுல மண்ணுல புதைச்சு முதிர்ந்த மது வருது. மலைபடுகடாம்ல மூங்கில் குழாய்க்குள்ள முத்தின தேறல் வருது. ஓக் பீப்பாய்க்குப் பதிலா மூங்கில், நிலவறைக்குப் பதிலா மண்ணு. ஐடியா ஒண்ணுதான்.

வெளிநாட்டுச் சரக்கும் அப்பவே வந்துச்சு. யவனர் கொண்டாந்த மணமுள்ள தேறலை பொற்கிண்ணத்துல குடிக்கச் சொல்லி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துறது புறநானூறு 56. இது வெறும் கவிஞர் பில்டப் இல்லன்னு 1945-ல வீலர் அரிக்கமேட்டுல தோண்டினப்ப தெரிஞ்சது. மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகள் உடைஞ்ச துண்டுகளா வந்துச்சு. அந்த யவனர்கள் ஒயினும் தங்கமும் கொண்டு வந்து மிளகு, முத்து, மெல்லிய துணி வாங்கிட்டுப் போனாங்க. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுதுன்னு பிளினி புலம்பி வச்சிருக்கார். உறையூர்த் துணியைப் பத்தி பெரிப்ளஸ்ல குறிப்பு இருக்கு.

அதாவது இந்தக் காவேரிக் கரைக்கு வெளிநாட்டு ஒயின் ரெண்டு தடவை பெரிய அளவுல வந்திருக்கு. முதல் தடவை, அவன் ஒயினைக் கொடுத்தான், நாம சரக்கைக் கொடுத்து தங்கம் வாங்கினோம். ரெண்டாவது தடவை, ஒயின் வந்தது வந்தவங்களே குடிக்க. காசு மட்டும் நம்ம நிலவரியில இருந்து. திருச்சியில காப்பாத்தப்பட்ட முகமது அலி, அந்த உதவிக்கும் அதுக்கப்புறமும் கம்பெனிக்கும் கம்பெனி ஆளுங்களுக்கும் பட்ட கடன் இங்கிலாந்து பார்லிமெண்ட்டுலயே நாறுச்சு. 1785-ல பர்க் அதைப் பத்தி பேசினது இன்னிக்கும் பிரபலம். 1801-ல கர்நாடகப் பகுதி மொத்தமும் கம்பெனி கையில. மதீரா கிளாஸ்ல தெரிஞ்ச அந்தத் தங்க நிறம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியுதா?

அந்தப் பக்கம் சிப்பாய்க்கு சாராயம். தென்னை, பனை, வெல்லம், எது கிடைக்குதோ அது. காய்ச்சின சூட்டோட ஊத்துறது. அதோட காட்டம் பொறுக்காமத்தான் எலுமிச்சை, சக்கரை, தண்ணி, மசாலா எல்லாம் கலந்து 'பஞ்ச்' பண்ணாங்க. பஞ்சம்னா அஞ்சு, அதுல இருந்து வந்த பேருன்னு பொதுவா சொல்றாங்க.

ஒண்ணு கவனிச்சீங்களா? ஒரே பட்டாளம், ஒரே கோட்டை. ஒருத்தனுக்கு பல மாசம் கடல்ல வெந்து முதிர்ந்தது. இன்னொருத்தனுக்கு நேத்து ராத்திரி காய்ச்சினது. வித்தியாசம் திராட்சையிலயும் பனையிலயும் இல்ல. வித்தியாசம் நேரம்.

முதிர வைக்கிறதுன்னா காத்திருக்கிறது. காத்திருக்கக் காசு வேணும். பீப்பாயில இருக்குற ஒயின் வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாப் போகும். கூட்டுவட்டிக் கணக்குப் போட்டா 20 வருஷத்துல மூணுல ஒரு பங்கு காலி. அத்தனை வருஷம் போட்ட முதலும் முடங்கிக் கிடக்கும். இதைத் தாங்க நிலையான சட்டம் வேணும், நம்பிக்கை வேணும், நாளைக்குக் கடையை மூட மாட்டாங்கங்கிற தைரியம் வேணும்.

நம்ம ஊர்ல குடிக்கு அந்த நேரம் கிடைக்கவே இல்ல. கள்ளு இயற்கையிலயே ஒரு நாள் சமாச்சாரம், மறுநாள் காடி. சாராயத்தை வெள்ளைக்காரன் குத்தகைக்கு விட்டு வருமானமாப் பார்த்தான். 1886-ல மதராஸ் ஆப்காரி சட்டம். வேகமா காய்ச்சு, வேகமா வித்து, வரியைக் கட்டு. அப்புறம் 1937-ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு, 1948-ல மாகாணம் முழுக்க. 1971-ல கலைஞர் தளர்த்தினார், 1974-க்குள்ள அவரே மறுபடி மூடினார். 1981-ல எம்.ஜி.ஆர் திறந்தார், 1983-ல டாஸ்மாக், 1987-ல இருந்து கள்ளுக்குத் தடை, 2003-ல சில்லறை விற்பனையும் அரசாங்கமே. இதுல எந்த முடிவு சரி, தப்புன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. மதுவிலக்குக்காகப் போராடின பொம்பளைங்களோட காரணம் ரொம்ப நியாயமானது. நான் சொல்றது ஒண்ணுதான். திறப்பான், மூடுவான்னு இருக்குற ஊர்ல எவனும் பீப்பாயை நிரப்பி இருபது வருஷம் காத்திருக்க மாட்டான். குடிக்கிறவனும் கடை மூடுறதுக்குள்ள குவார்ட்டரை கவுக்கத்தான் பார்ப்பான்.

இதுல காமெடி, தமிழ்நாட்டுல சாராயக் கடைக்கு நாம வச்ச பேரு 'ஒயின் ஷாப்'. உள்ள ஒயின் கேட்டா நம்மள ஒரு மாதிரி பார்ப்பாங்க. அதிகம் கேக்குற பிராந்தியும் பெரும்பாலும் திராட்சையைக் கண்ணால பார்த்ததில்ல, கரும்பு ஆலைக் கழிவுப்பாகுல காய்ச்சின ஸ்பிரிட். கோவா போன நண்பர்கள் வாங்கிட்டு வர்ற விலை குறைஞ்ச 'போர்ட் ஒயின்' இனிப்பா இருக்கும், ஆனா டோரோவுக்கும் அதுக்கும் பேர் மட்டும்தான் சொந்தம்.

சிரிக்க முடியாத பக்கமும் இருக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போறவங்க. 1752-ல சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவுல இருந்த கோடு, இன்னும் அழியல. நேரமும் காசும் இருக்குறவன் கிளாஸ்ல நாற்பது வருஷம். இல்லாதவன் பாக்கெட்ல நேத்து ராத்திரி. போர்ட், மதீரான்னு ரசிச்சு எழுதுற நாம, இந்தக் கோட்டோட எந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதறது நல்லதுன்னு தோணுச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தோஷம். முதிர்ந்த திராட்சைச் சரக்கு நம்ம ஊர்ல முழுசா அழிஞ்சு போகல, வேஷம் மாத்திக்கிட்டு இருக்கு. நாட்டு மருந்துக் கடையில திராட்சாரிஷ்டம் பார்த்திருப்பீங்க. உலர் திராட்சைக் கஷாயம், வெல்லம், தாதகிப் பூ, மசாலாச் சாமான் எல்லாம் போட்டு மூடி வச்சு, தானா நொதிச்சு ஆல்கஹால் உண்டாகுற மருந்து. ஆசவம், அரிஷ்டமெல்லாம் பழசாகப் பழசாக குணம் கூடும்னு சார்ங்கதர சம்ஹிதையே சொல்லுது. ரெண்டு ஸ்பூன் கணக்குல குடிக்கிற நம்ம ஊர் டானி!

திராட்சையும் இருக்கு. 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்ததாச் சொல்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. வெயிலுக்கு திருச்சியில பஞ்சமே இல்ல. நிறத்துக்கு வேணும்னா, ஜம்புன்னா நாவல்தானே, எங்க ஊர் பேர்லயே இருக்கு.

மக்களே, உங்க வீட்டுல தாத்தா பாட்டி காலத்துல எதையாவது ஜாடியில போட்டு மண்ணுல புதைச்சு, வருஷம் கழிச்சு எடுத்த கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அரிஷ்டமோ, கிறிஸ்துமஸ் ஒயினோ, எதுவா இருந்தாலும் சரி. எத்தனை நாள் வச்சாங்க, எந்தப் பாத்திரம், யார் கைப்பக்குவம்னு விவரமா எழுதுங்க. இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் எந்த கெஸட்டியர்லயும் எவனும் எழுதி வைக்க மாட்டான்.